புதுப்பிப்பு: டிராஃபிக்கில் சூடேறும் இன்ஜின், காரணம் கிடைத்துவிட்டது

முன்பு எழுதியதன் சுருக்கம்: என் காரில் ஹைவேயில் இன்ஜின் சூட்டைக் காட்டும் ஊசி நடுவிலேயே நிற்கும், ஏ.சி. போட்டு நெரிசலில் நின்றால் ஏறும். கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) குறையும், கசிவு தெரியாது. தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப் மாற்றியும் தீரவில்லை. ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் பிளாக்குக்கும் அதன் மேல்பகுதிக்கும் இடையிலுள்ள அடைப்புத் தகடு) போயிருக்கும், இன்ஜினைப் பிரிக்கணும் என்றார்கள்.

பிரிப்பதற்கு முன் வேறொரு மெக்கானிக் அண்ணனிடம் காட்டினேன். முதலில் பிளாக் டெஸ்ட் செய்தார், அதாவது ரேடியேட்டர் வாயிலுள்ள காற்றை ஒரு நீலத் திரவத்தின் வழியே இழுத்துப் பார்த்தார். எரிந்த வாயு கூலன்ட்டில் கலந்திருந்தால் அந்த நீலத் திரவம் மஞ்சளாகும். நீலமாகவே இருந்தது! எவ்வளவு நிம்மதி தெரியுமா.

அப்புறம் ரேடியேட்டர் மூடியைத் தனியாக பிரஷர் டெஸ்ட் செய்தார். 1.1 பார் அழுத்தம் தாங்க வேண்டியது, பாதியிலேயே விட்டுவிட்டது. அழுத்தம் நிற்காவிட்டால் கூலன்ட்டின் கொதிநிலை இறங்கிவிடும். கொதித்து ஆவியாகப் போவதால் தரையில் சொட்டு இருக்காது. கூடவே, ரேடியேட்டர் ஃபேனைக் குறைந்த வேகத்தில் சுற்ற வைக்கும் ரெசிஸ்டரும் எரிந்திருந்தது. ஏ.சி. போட்டதும் சுற்ற வேண்டிய ஃபேன், சூடு எகிறிய பிறகே சுற்றியிருக்கிறது. ஹைவேயில் எதிர்க்காற்றே போதுமானதாக இருந்திருக்கிறது.

இரண்டையும் மாற்றி, காற்றை வெளியேற்றி, கூலன்ட் நிரப்பினோம். கிண்டி நெரிசலில் மதிய வெயிலில் நின்றும் ஊசி அசையவில்லை. இன்ஜினைப் பிரிக்கச் சொன்னால் தயவுசெய்து முதலில் பிளாக் டெஸ்ட் கேளுங்கள். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே வேண்டாம். கூலன்ட் அளவைக் காலையில் பார்த்து வருகிறேன், இதுவரை இறங்கவில்லை.