பழியெல்லாம் பைத்தான் மேலே

ஜூரோங்வாசி:
நாம் எழுதும் நிரலை ஓட்டும் பைத்தான் இன்டர்பிரெட்டரிலேயே பக், அதாவது பிழை, என்று யாராவது சத்தியம் செய்து பார்த்திருக்கிறீர்களா? சிங்கப்பூரில் எங்கள் டீமில் நடந்தது.

ஊழியர் விவரங்களை வைத்திருக்கும் பழைய நிரல் ஒன்றை பைத்தான் 3.9-க்கு மாற்றினோம். சில நாளில் மனிதவளப் பிரிவு அக்கா ஒருவர் கூப்பிட்டார். “தம்பி, நான் 1975 நேஷனல் டே, ஆகஸ்ட் 9 அன்னிக்குப் பிறந்தவ. உங்க சிஸ்டம் ஆகஸ்ட் 8-ங்குது.” பார்த்தால் அவர் மட்டுமில்லை. 1981 வரை பிறந்த எல்லாருக்கும் ஒரு நாள் குறைந்திருந்தது. 1982-லிருந்து பிறந்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

மாற்றியது பைத்தானைத்தானே, அப்போ பைத்தான்தான் குற்றவாளி என்று டீமின் கடைக்குட்டி முடிவு கட்டிவிட்டான். பைத்தானின் மூல வடிவமான சிபைத்தானை உருவாக்குகிறவர்களுக்கு அனுப்ப பக் ரிப்போர்ட் பாதி டைப் அடித்தாகிவிட்டது. “இரு, முதல்ல நிரலை வெட்டிச் சுருக்கு, அப்பவும் பிழை வருதான்னு பாரு” என்றார் டீம் லீட். டேட்டாபேஸைக் கழற்றினோம், ஃப்ரேம்வொர்க்கைக் கழற்றினோம், கடைசியில் நாலைந்து வரிதான் மிச்சம். அப்போதும் 8-தான் வந்தது. பையன் முகத்தில் வெற்றிக்களை!

எனக்கு உறுத்தியது வேறு. நாங்கள் தேதியை மட்டும்தான் அச்சிட்டுக்கொண்டிருந்தோம். மணியையும் சேர்த்து அச்சிட்டதும் விஷயம் வெளியே வந்தது: 8-ஆம் தேதி இரவு 23:30. ஒரு நாள் குறையவில்லை, அரை மணி நேரம்தான் குறைந்திருக்கிறது. கணினி நேரத்தை வினாடிகளாகத்தான் எண்ணி வைக்கும். அதே வினாடிக் கணக்கை லினக்ஸின் டேட் கமாண்டிடம் சிங்கப்பூர் நேர மண்டலத்தோடு கொடுத்தோம். அதுவும் 23:30 என்றது. பைத்தானுக்கும் அதற்கும் பொதுவாக இருப்பது, எந்த ஊரில் எப்போது எந்த நேரம் ஓடியது என்று குறித்து வைத்திருக்கும் நேர மண்டலத் தரவுத்தளம் ஒன்றுதான்.

பக்கத்து மேசை அங்கிள் சிரித்தார். “1981 கடைசி ராத்திரி பதினொன்றரைக்கு கடிகாரத்தைப் பன்னிரண்டுன்னு தள்ளி வெச்சோமே, உங்களுக்கெல்லாம் எங்கே தெரியும்!” மலேசியா தன் தீபகற்பத்தை சபா, சரவாக் நேரத்தோடு சேர்த்தபோது நாமும் கூடவே போனோம். அதுவரை சிங்கப்பூர் யுடிசி (உலகப் பொது நேரம்) +7:30. ஜப்பானியர் காலத்தில் தோக்கியோ நேரம், +9, ஓடியதும் அந்தத் தரவுத்தளத்தில் இருக்கிறது.

பழைய நிரல் எல்லாப் பிறந்த தேதியையும் கண்ணை மூடிக்கொண்டு +8 நள்ளிரவாகக் கணக்கிட்டு யுடிசியில் சேமித்திருந்தது. திரும்ப எடுக்கும்போதும் +8, அதனால் யார் கண்ணிலும் படவில்லை. 3.9-இல் நேர மண்டலங்களைக் கையாளும் ஜோன்இன்ஃபோ மாட்யூல் வந்ததும், சேமித்ததைத் திரும்பப் படிக்கும் பகுதியை மட்டும் யாரோ அதற்கு மாற்றிவிட்டார்கள். அது வரலாறு தெரிந்தது, உண்மையைச் சொன்னது. பிறந்த தேதிக்கு மணி எதற்கு என்பது என் கட்சி. வெறும் தேதியாகவே மாற்றிவிட்டோம்.

தெம்பனிஸ் தங்கச்சி:
எங்களுக்கு வேற மாதிரி தலைவலி. நிரலைச் சோதிக்கிற ஒரு டெஸ்ட் சில சமயம் பாஸ், சில சமயம் ஃபெயில். நிரல்ல யாரும் கை வைக்கலை. மெமரி கோளாறு, இன்டர்பிரெட்டர் பக்னு ஆளுக்கொரு ஜோசியம். பெயர்களை வரிசைக்கு உறுதி தராத ‘செட்’ங்கிற தொகுப்புல போட்டு, அதை அப்படியே வரிசையா ஒட்டி ஒப்பிட்டிருக்காங்க. எழுத்துச் சரங்களோட ஹேஷ், அதாவது செட்ல எதை எங்கே வைக்கணும்னு முடிவு பண்ற எண், பைத்தான் 3.3-லிருந்து ஒவ்வொரு ஓட்டத்துக்கும் மாறும், செட் வரிசையும் மாறலாம். வேணும்னே ஹேஷ் ஒண்ணோட ஒண்ணு மோதுற சாவிகளை அனுப்பி சர்வரைத் திணறடிக்கிற தாக்குதல் 2011 கடைசியில் பேசப்பட்டுச்சே, அதுக்கான தடுப்பு. ஹேஷ் எப்படி மாறணும்னு முடிவு பண்ற தொடக்க எண்ணை (சீட்) நாங்களே கொடுத்து ஓட்டினோம். ஃபெயில் ஆகிற எண் ஒண்ணு சிக்கிச்சு. அதுக்கப்புறம் ஒவ்வொரு தடவையும் ஃபெயில்! சந்தோஷமா இருந்துச்சு, சொன்னா யாரும் நம்பமாட்டாங்க.

உட்லண்ட்ஸ்காரன்:
என் கதை சின்னது. 50 காசுப் பொருளுக்கு 9 விழுக்காடு ஜிஎஸ்டி நாலரைக் காசு. அதை முழுக் காசாக்கினால் கணக்காளர் எக்செலில் 5, என் ஸ்க்ரிப்டில் 4. “உன் பைத்தானுக்குக் கூட்டத் தெரியல” என்றார்.

ஜூரோங்வாசி:
பைத்தான் 2-இல் 5 வந்திருக்குமே?

உட்லண்ட்ஸ்காரன்:
வந்தது! அதனால்தான் நானும் முதலில் 3-ஐச் சந்தேகப்பட்டேன். 3-இல் சரிபாதியாக நின்றால் இரட்டை எண் பக்கம் போகும், 4.5 நாலாகும், 5.5 ஆறாகும். ஆவணத்திலேயே எழுதியிருக்கிறார்கள். தசமக் கணக்குக்கான டெசிமல் மாட்யூலுக்கு மாறி, பாதி வந்தால் மேலே தள்ளு என்று சொல்லிவிட்டேன். கணக்காளர் அதோடு விடவில்லை, போன வருட பில் எல்லாவற்றையும் மறுபடி ஓட்டச் சொல்லியிருக்கிறார்.