இரு ஃபோட்டான் வினைகளில் ஒளிச்செறிவும் விளைபொருளின் அளவும்

கேள்வி: மொத்த ஒளியாற்றலை மாற்றாமல், ஒளிச்செறிவைக் கூட்டி நேரத்தைக் குறைத்தால் இரு ஃபோட்டான் (ஒளித்துகள்) வினைகளில் விளைபொருள் மிகுகிறது என்கிறார்கள். வழக்கமான ஒளிவேதி வினைகளில் இவ்வாறு நிகழ்வதில்லையே, காரணம் என்ன?

மறுமொழி 1: ஒரு மூலக்கூறு இரண்டு ஃபோட்டான்களை ஒரே கணத்தில் உட்கவர வேண்டியிருப்பதால், வினைவேகம் ஒளிச்செறிவின் இருபடிக்கு நேர்விகிதத்தில் அமைகிறது; ஒரு ஃபோட்டானே போதுமான வழக்கமான வினைகளில் அது செறிவுக்கு மட்டுமே நேர்விகிதம். செறிவு 2 மடங்கானால் வேகம் 4 மடங்காகும். எனவே நேரத்தைப் பாதியாகக் குறைத்தாலும் விளைபொருள் ஏறத்தாழ 2 மடங்கு கிடைக்கும். இயற்பியலாளர் மரியா கெப்பர்ட் மேயர் 1931-இல் கோட்பாட்டளவில் முன்வைத்த இந்த உட்கவர்தல், லேசர் வந்த பின்னர் 1961-இல்தான் சோதனையில் காணப்பட்டது.

மறுமொழி 2: இருபடி விதி எல்லா இடத்திலும் பொருந்தாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். முதல் ஃபோட்டான் மூலக்கூறை ஓர் இடைநிலைக்கு உயர்த்தி, அந்நிலை சிதைவதற்குள் இரண்டாவது ஃபோட்டான் வந்து சேரும் படிநிலை வினைகளில், குறைந்த செறிவில் மட்டுமே இருபடிச் சார்பு தெரியும். ஏறக்குறைய ஒவ்வோர் இடைநிலை மூலக்கூறும் இரண்டாவது ஃபோட்டானைப் பெறுமளவு செறிவு உயர்ந்துவிட்டால், முதல் படியே வேகத்தை முடிவு செய்யும். சார்பு நேர்கோட்டுக்கு மாறிவிடும். இடைநிலையின் ஆயுட்காலம் நீண்டால், இம்மாற்றம் இன்னும் குறைந்த செறிவிலேயே நிகழும்.

கேட்டவர்: மிக்க நன்றி. இதைச் சோதனையில் எவ்வாறு உறுதிப்படுத்துவது?

மறுமொழி 3: செறிவின் மடக்கைக்கு எதிராகத் தொடக்க வேகத்தின் மடக்கையை வரையுங்கள், சாய்வு 2-க்கு அருகில் இருந்தால் இருபடிச் சார்பு எனலாம். ஒளியைக் குறுகிய துடிப்புகளாக வெளியிடும் துடிப்பு லேசரில் சராசரித் திறனை மட்டும் பார்ப்பது போதாது, ஏனெனில் அதே சராசரியில் துடிப்பைக் குறுக்கினால் உச்சச் செறிவு உயர்ந்து விளைபொருளும் கூடும்.