வெள்ளத்தில் மூழ்கிய டாட்சன் 240இசட்: நீர் வடிந்த பிறகு தொடங்கிய வேலை

நீரில் மூழ்கிய பழைய காரைப் பற்றிப் பேச்சு வந்தால், எத்தனை நாள் மூழ்கிக் கிடந்தது என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். வெளியே வந்த பிறகு எத்தனை நாள் கைபடாமல் விடப்பட்டது என்று கேட்பவர்கள் குறைவு. 2021 டிசம்பர் வெள்ளத்தில் மலேசியாவின் ஷா ஆலாம், தாமான் ஸ்ரீ மூடாவில் கூரைவரை மூழ்கிய 1972ஆம் ஆண்டு டாட்சன் 240இசட் என்ற ஜப்பானிய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை மறுபடி சாலைக்குக் கொண்டுவரும் வேலையில் தொடக்கம் முதல் கூட இருந்தவன் என்ற முறையில், அந்த இரண்டாவது கேள்விக்கான பதிலே காரின் தலையெழுத்தை முடிவு செய்கிறது என்று உறுதியாகச் சொல்வேன். காப்பாற்றியிருக்கக்கூடிய வண்டிகள் சில, வெயிலில் நன்றாகக் காயட்டும் என்று நிறுத்தி வைக்கப்பட்டே பழைய இரும்புக்குப் போனதைக் கண்ணால் பார்த்தேன். அந்த வருத்தத்தில்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

அந்த டிசம்பர் 18 ஒரு சனிக்கிழமை. விடாமல் கொட்டிய மழையில் கிள்ளான் ஆறு பெருகி, ஆற்றை ஒட்டிய தாழ்நிலமான தாமான் ஸ்ரீ மூடாவுக்குள் நீர் புகுந்தது. மக்கள் கூரைகளில் ஏறி நின்று உதவிக்குக் காத்திருந்ததை நம்மில் யாரும் மறந்திருக்க மாட்டோம். நீர் வடியப் பல நாட்கள் ஆயின. காருக்குச் சொந்தக்காரர் எனக்கு அண்ணன் முறை. அவருடைய அப்பா வாங்கி ஓட்டிய வண்டி அது. வீட்டு முன்கூடத்தில் துணி போர்த்தி நின்றிருந்தது. குடும்பத்தினர் பாதுகாப்பாக நிவாரண மையத்தை அடைந்த பிறகே அவர் காரைப் பற்றி என்னிடம் பேசினார். "அண்ணே, தண்ணி இறங்கினதும் பேட்டரி கம்பியைக் கழட்டுங்க, சாவியை மட்டும் போட்டுடாதீங்க" என்று நான் சொன்னதை அவர் அப்படியே கடைப்பிடித்தார்.

அதே வரிசையில் இருந்த வேறொருவர் தம்முடைய புதிய காரை இரண்டு நாள் காயவைத்துவிட்டு, வேறு வண்டியிலிருந்து மின்சாரம் கொடுத்து ஸ்டார்ட் செய்து பார்த்தார். சிலிண்டருக்குள் தேங்கிய நீரைக் காற்றைப் போல அமுக்க முடியாது. மேலே வரும் பிஸ்டனுக்குப் போக இடம் இல்லாதபோது அதைத் தாங்கும் கனெக்டிங் ராடு என்ற தண்டுதான் வளையும். அவருடைய எஞ்சினில் அதுவே நடந்தது. எஞ்சின் நீரைக் குடித்திருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால், ஸ்பார்க் பிளக்குகளை எல்லாம் கழற்றிய பிறகு கையால் சுழற்றிப் பார்ப்பது ஒன்றே வழி.

துருவைப் பற்றி ஒரு விஷயத்தை முதலில் மனதில் பதிய வைத்துக்கொள்ள வேண்டும். இரும்பு துருப்பிடிக்க நீர் மட்டும் போதாது, ஆக்சிஜனும் வேண்டும். தேங்கிய சேற்று நீருக்குள் ஆக்சிஜன் குறைவு. ஆகவே மூழ்கிக் கிடக்கும்போது துரு மெதுவாகவே முன்னேறுகிறது. நீர் இறங்கி, ஈரமான இரும்பின்மேல் காற்று படத் தொடங்கும்போதுதான் அது வேகமெடுக்கிறது. பளபளப்பாகத் தேய்க்கப்பட்ட சிலிண்டர் சுவரில் சில மணி நேரத்திலேயே செம்மை படர்ந்துவிடும். இதனால்தான் எஞ்சினைக் காயவிடவே கூடாது என்கிறேன். நீரை வெளியேற்றிய கையோடு அந்த இடத்தை எண்ணெயால் நிரப்பிவிட வேண்டும்.

நாங்கள் செய்ததும் அதுதான். வண்டலும் சேறும் ஈரமாக இருக்கும்போதே, அழுத்தம் குறைந்த சுத்தமான குழாய் நீரை உள்ளும் புறமும் பாய்ச்சிக் கழுவினோம். உயர் அழுத்த ஜெட்டைப் பயன்படுத்தியிருந்தால் அது சேற்றைக் கதவு ரப்பருக்குள்ளும் தகடுகளின் இணைப்புகளுக்குள்ளும் இன்னும் ஆழமாகத் தள்ளியிருக்கும். பிறகு பிளக்குகளைக் கழற்றி, எஞ்சின் எண்ணெயை வடித்து, ஆறு சிலிண்டர்களிலும் டீசலும் தானியங்கி கியர் எண்ணெயும் கலந்த கலவையை ஊற்றினோம். வடிந்த எஞ்சின் எண்ணெய் தே தாரிக் (பால் தேநீர்) நிறத்தில் இருந்தது. கையுறையும் முழங்கால் பூட்ஸும் இல்லாமல் யாரையும் வண்டிக்குள் கை வைக்க விடவில்லை. வெள்ள நீரில் சாக்கடையும் எலிச் சிறுநீரும் கலந்திருக்கும், கையில் ஒரு சிறிய கீறல் இருந்தாலே எலிக்காய்ச்சல் தொற்றப் போதும்.

240இசட் இந்த விதத்தில் கொடுத்து வைத்த கார். எல்24 எனப்படும் அதன் 2,393 சிசி எஞ்சின் வரிசையாக ஆறு சிலிண்டர் கொண்டது. இரும்பு பிளாக், சிலிண்டர்களுக்கு மேல்மூடியாக அலுமினிய ஹெட், இரண்டு ஹிட்டாச்சி கார்புரேட்டர்கள், இயந்திர முறையில் இயங்கும் பெட்ரோல் பம்ப். நனைந்தால் செத்துப்போகும் கணினிப் பெட்டி எதுவும் அதில் கிடையாது. 1971இலும் 1973இலும் கிழக்கு ஆப்பிரிக்க சஃபாரி ராலியின் சேற்றிலும் புழுதியிலும் வென்ற கார் இது. இரண்டாவது வெற்றியைப் பெற்றவர் உகாண்டாவில் பிறந்த இந்திய வம்சாவளியினரான சேகர் மேத்தா. ஒவ்வொரு பாகத்தையும் கையால் பிரித்து, துடைத்து, திரும்பப் பூட்ட முடிகிற இந்த எளிமைதான் அதற்கு மறுவாழ்வு தந்தது என்று நம்புகிறேன்.

ஹெட்டைத் திறந்தபோது ஆறு சிலிண்டர்களும் ஆறு விதமாக இருந்தன. நின்றுகொண்டிருக்கும் ஆறு சிலிண்டர் எஞ்சினில் எப்போதும் சில வால்வுகள் திறந்தும் சில மூடியும் இருக்கும். மூடிய சிலிண்டர்களுக்குள் நீர் அவ்வளவாகப் போகவில்லை. பழைய எண்ணெயின் மினுமினுப்புகூட மாறவில்லை. திறந்த வால்வு வழியாக நீர் புகுந்த சிலிண்டர்களில், பிஸ்டன் நின்றிருந்த இடத்தில் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்கின் தடம் அப்படியே ஒரு மெல்லிய பழுப்பு வளையமாகப் பதிந்திருந்தது. நகத்தால் வருடினால் தட்டுப்பட்டது. நகத்தில் தட்டுப்படும் குழியை ஹோன் செய்து, அதாவது மேலோட்டமாகத் தேய்த்து, நீக்க முடியாது என்பது பட்டறையில் எல்லோரும் அறிந்தது. எனவே 83 மில்லிமீட்டர் துளையை அரை மில்லிமீட்டர் பெரிதாக்கிப் புதிய பிஸ்டன்கள் போட்டோம். பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டில் கறை மட்டுமே இருந்தது, மெருகேற்றியதும் போய்விட்டது. ஹெட்டில் தெர்மோஸ்டாட் கூட்டைப் பிடிக்கும் போல்டுகள்தான் மிகுந்த தொல்லை கொடுத்தன. அலுமினியத்துக்குள் இறுகிய இரும்பு போல்டை வெறும் பலத்தால் திருப்பினால் தலை முறிந்து கையோடு வந்துவிடும். மாறி மாறிச் சூடாக்கியும் ஊடுருவும் எண்ணெய் விட்டும் நாள்கணக்கில் பொறுமையாக இளக்கினோம்.

கியர்பாக்ஸும், பின்சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃப்பரன்ஷியலும் மூடியிருப்பதால் நீர் போயிருக்காது என்று நினைப்பது வழக்கம். இரண்டிலும் காற்றுப்போக்கி உண்டு. வண்டி முழுதாக மூழ்கும்போது நீருக்கு அந்தச் சிறு துளை போதும். கியர்பாக்ஸை நேரத்தோடு வடித்து, மெல்லிய எண்ணெயால் அலசி, கியர் மாற்றத்தை இலகுவாக்கும் பித்தளை சின்க்ரோ வளையங்களுக்கு ஒத்துப்போகும் ஜிஎல்-4 தர கியர் எண்ணெயை நிரப்பியதால் அது தப்பியது. டிஃப்பரன்ஷியல் பேரிங்குகளில் மட்டும் உருளைகள் நின்ற இடத்தில் கறுப்புப் புள்ளிகள் விழுந்துவிட்டன. பிரேக்கில் எதையும் மிச்சம் பிடிக்க முயலவில்லை. முன் டிஸ்க் காலிப்பர், பின் டிரம் சிலிண்டர், மாஸ்டர் சிலிண்டர், குழாய்கள் எல்லாம் புதியவை. உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில் சிக்கனம் பார்ப்பதை நான் ஒப்புக்கொள்வதில்லை.

இதுவரை சொன்னது எளிய பகுதி. ஒரு பழைய ஜப்பானிய ஸ்போர்ட்ஸ் காரின் உண்மையான சோதனை உடலில்தான் இருக்கிறது. 240இசட்டுக்குத் தனிச் சேசி (அடிச்சட்டம்) கிடையாது. மெல்லிய தகடுகளை மடித்து, புள்ளி வெல்டிங் செய்து, பெட்டி போன்ற குழாய்களாக உருவாக்கி அவற்றின் பலத்தில் நிற்கும் உடல் அது. கதவுக்குக் கீழே ஓடும் பெட்டிப் பகுதி, தரைக்கடியில் ஓடும் ரெயில்கள், பேட்டரித் தட்டின் அடிப்பக்கம், கண்ணாடிக்கு முன்னால் காற்று உள்ளே வரும் தொட்டி போன்ற பள்ளம் ஆகியவை வெள்ளம் பார்க்காத வண்டியிலேயே துருப்பிடிக்கும் இடங்கள். வெள்ள நீர் அவற்றுக்குள் நுண்ணிய வண்டலைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகிறது. நீர் வடிந்துவிடும், வண்டல் வடியாது. அது ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் தகட்டை உள்ளிருந்தே தின்னும், வெளியே பெயின்ட் குலையாமல் அழகாக இருக்கும்.

நுனியில் கேமரா பொருத்திய மெல்லிய கேபிளைக் கதவோரப் பெட்டிக்குள் விட்டுப் பார்த்தபோது, அடியில் இரண்டு விரற்கடை உயரத்துக்கு வண்டல் படிந்திருந்தது தெரிந்தது. தொழிற்சாலை விட்டிருந்த வடிகால் துளைகள் எல்லாம் அடைபட்டிருந்தன. துளைகளைத் திறந்து, ஒரு முனையிலிருந்து நீரைப் பாய்ச்சி, மறுமுனையில் தெளிந்த நீர் வரும்வரை அலசி, பிறகு வெப்பக் காற்றைச் செலுத்தி உலர்த்தினோம். நீர் தெளிந்துவிட்டது என்று நினைத்து மறுநாள் தட்டினால் மறுபடியும் கலங்கலாக வரும். இந்த ஒரு வேலைக்கு மட்டும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு நேரம் ஒதுக்குங்கள், இங்கே அவசரப்பட்டவர்களின் வண்டிகள் இரண்டு மூன்று வருடத்தில் கதவோரமாகக் கொப்புளித்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

தரைத் தகட்டின்மேல் ஒலியை அடக்குவதற்காக ஒட்டப்பட்ட தார் விரிப்புக்கு அடியிலும் நீர் போயிருந்தது. அதைச் சூடாக்கிச் சுரண்டினால் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டு உயிரை வாங்கும். டிரை ஐஸ் எனப்படும் உறைந்த கார்பன் டை ஆக்சைடு துண்டுகளை அதன்மேல் பரப்பி, உறைந்து இறுகியதும் சுத்தியலால் மெல்லத் தட்டினால் ஓடு ஓடாகப் பெயர்ந்து வருகிறது. ஆனால் ஜன்னல், கதவு எல்லாம் திறந்திருக்க வேண்டும், மூடிய இடத்தில் அதிலிருந்து வெளியாகும் வாயு மூச்சை அடைத்துவிடும். விரிப்பு அகன்றதும், வெள்ளத்துக்கு எத்தனையோ வருடம் முன்பு யாரோ பழைய தகட்டின்மேலேயே புதிய தகட்டை ஒட்டவைத்து மறைத்த இடங்கள் வெளிப்பட்டன. வலப்பக்கத் தரையையும் அதன் ரெயிலையும் வெட்டியெடுத்துப் புதிதாக வைத்தோம். சேசி எண் எஞ்சின் அறையின் பின்சுவரில் பொறிக்கப்பட்டிருப்பதால், அந்தச் சுவரை மட்டும் யாரும் தொடக் கூடாது என்று முதலிலேயே முடிவு செய்திருந்தோம். பதிவேட்டில் உள்ள எண்ணும் வண்டியில் உள்ள எண்ணும் ஒத்துப்போகாவிட்டால் எவ்வளவு அழகாகச் சீர் செய்தாலும் சாலையில் ஓட்ட முடியாது.

கழற்றக்கூடிய சிறு இரும்புப் பாகங்களுக்குச் சலவை சோடா கரைத்த நீரில் மின்னாற்பகுப்பு செய்தோம். நேர்மின்முனைக்குச் சாதாரண இரும்புத் தகட்டையே பயன்படுத்த வேண்டும், துருப்பிடிக்காத எஃகைப் போட்டால் நச்சுத்தன்மை கொண்ட குரோமியச் சேர்மம் நீரில் கலக்கும். இந்த முறையில் ஹைட்ரஜன் வெளியேறும் என்பதால் திறந்தவெளியில், நெருப்பு அண்டாத இடத்தில் செய்ய வேண்டும். பெரிய பாகங்களை நீரில் கரைத்த மொலாசஸில் (சர்க்கரை ஆலைக் கழிவுப் பாகு) வாரக்கணக்கில் ஊறவைத்தோம். நாற்றம் தாங்க முடியாது, ஆனால் நல்ல இரும்பைத் தொடாமல் துருவை மட்டும் எடுக்கும். கார்புரேட்டரைப் போன்ற அலுமினியப் பாகங்களை இந்த இரண்டிலுமே போடக் கூடாது. கடைசியில் எல்லாப் பெட்டிப் பகுதிகளுக்குள்ளும் நீண்ட குழாய் வழியாக மெழுகைப் பீய்ச்சினோம்.

வயரிங்கைப் பொறுத்தவரை என் கருத்து கறாரானது: கூரைவரை மூழ்கிய காரின் பழைய வயரிங்கை நம்பக் கூடாது. கனெக்டர்களில் பச்சைக் களிம்பு தெரியும், அதை எல்லோரும் சுத்தம் செய்கிறார்கள். ஆனால் செம்பு இழைகளுக்கு இடையே இருக்கும் நுண்ணிய இடைவெளி வழியாக நீர் உறைக்குள் வெகுதூரம் ஏறிவிடுகிறது. ஹெட்லைட் வயரின் உறையை ஒரு சாண் உரித்துப் பார்த்தோம். உள்ளே இழைகள் கறுத்துப்போய், வளைத்ததும் பொடிப்பொடியாக உதிர்ந்தன. பழைய வயர்த் தொகுப்பை மேசைமேல் விரித்து, தொழிற்சாலை வரைபடத்தில் உள்ள அதே நிறங்களில் புதிதாகக் கட்டினோம். உட்புறத்தில் இருக்கை நுரையைத் தூக்கி எறிந்துவிட்டோம். கியர் மேட்டை மூடும் வைர வடிவத் தையல் கொண்ட வைனைல் விரிப்பு மட்டும் கழுவியதும் புதிதாகவே வந்தது.

பணத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மலேசியாவில் முழுக் காப்பீடு எடுத்திருந்தாலும் வெள்ளச் சேதம் அதில் தானாக அடங்காது, தனியாகக் கட்டணம் செலுத்திச் சேர்க்க வேண்டும். அண்ணனிடம் அந்தச் சேர்க்கை இல்லை. பழைய கார் வைத்திருப்போர் அதைச் சேர்ப்பதோடு, வண்டியின் மதிப்பை முன்கூட்டியே பேசி உடன்பட்ட தொகையாக எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. கடல்நீரில் மூழ்கிய வண்டி என்றால் கணக்கே வேறு. உப்பிலுள்ள குளோரைடு தகட்டின் குழிகளுக்குள் தங்கிவிடுவதால், கழுவியதாக நினைத்த இடத்திலும் துரு திரும்பத் திரும்ப வரும். அத்தகைய காரை உடலுக்காக அல்லாமல் பாகங்களுக்காக மட்டுமே வாங்கச் சொல்வேன்.

கார் இப்போது பதிவோடு ஓடுகிறது. வேகமெடுக்கும்போது பின்பக்கம் ஒரு மெல்லிய ஊளைச் சத்தம் இன்னும் இருக்கிறது, ஆர்180 டிஃப்பரன்ஷியலுக்கு நல்ல பேரிங்குகள் கிடைத்ததும் அதையும் பிரிக்கவிருக்கிறோம். ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும் கேமராவை உள்ளே விட்டுப் பார்த்து, மெழுகு விட்டுப்போன இடங்களில் மறுபடி அடிக்கிறோம். வலக்கை ஓட்டு 240இசட்டுக்கான வயரிங் அளவுகளையும் நிறப் பட்டியலையும் வரைந்து வைத்திருக்கிறேன்; தேவைப்படுவோர் கேட்டால் அனுப்புகிறேன்.