இரண்டு பேர் ஒரே சுவரில் வரைந்தால் இரண்டாகத் தெரிகிறது, ஓஸ் ஜெமியோஸ் எப்படிச் சமாளிக்கிறார்கள்?

அம்மாபேட்டை தறி:
நானும் சித்தப்பா மகனும் சேலத்தில் இரண்டு வருடமாகச் சுவர் ஓவியம் வரைகிறோம். போன மாதம் ஒரு பள்ளிக்கூடச் சுவர், 50 அடி, ஆளுக்குப் பாதி. எட்ட நின்று பார்த்தால் நடுவில் வேலி போட்ட மாதிரி இருக்கிறது, அவன் கோடு தடிமன், என்னுடையது மெல்லிசு. பிரேசில் இரட்டையர் ஓஸ் ஜெமியோஸ் படங்களில் எது யார் கை என்றே தெரிவதில்லையே?

ஐந்து ரோடு:
குஸ்தாவோ, ஒடாவியோ பண்டோல்ஃபோ இருவரும் 1974இல் சாவோ பாலோவில் பிறந்தவர்கள், எண்பதுகளில் பிரேக் டான்ஸ் ஆடிக்கொண்டே சுவருக்கு வந்தவர்கள். ஸ்ப்ரே கேனை மட்டும் நம்பாமல் வீட்டுக்கு அடிக்கும் பெயிண்டை ரோலரில் நிரப்பி, மேலே ஸ்ப்ரேயில் மெல்லிய கோடு இழுப்பார்கள். மஞ்சள் உடம்பு, பெரிய தலை, குச்சிக் கால், பூப்போட்ட சட்டை, இதெல்லாம் அவர்கள் கற்பனை செய்த ‘திரித்ரெஸ்’ என்ற உலகத்து ஆட்கள். இருவர் மனதிலும் அந்த உலகம் ஒன்றுதான், அதனால் யார் எந்த இடத்தில் தொடங்கினாலும் ஒட்டிக்கொள்கிறது. நீங்கள் இருவரும் முதலில் ஒரே நோட்டில் வரையுங்கள், சுவர் அப்புறம்.

பழைய போர்டு பெயிண்டர்:
தம்பி, பிளெக்ஸ் வருவதற்கு முன்னால் செவ்வாய்ப்பேட்டையில் அண்ணனும் நானும் கடை போர்டும் சுவர் விளம்பரமும் எழுதினோம். இடத்தைப் பிரித்ததே இல்லை. வளைவு எல்லாம் அண்ணன், நேர்கோடு எல்லாம் நான். ‘சேலம்’ என்று எழுதினால் கொம்பை அவர் சுழிப்பார், ‘ச’வுக்குக் குறுக்குக் கோடு நான் இழுப்பேன், ‘ல’வின் சுழி மறுபடி அவர். ஒவ்வொரு எழுத்திலும் இரண்டு கையும் இருக்கும். சாயத்தையும் ஒரே டப்பாவில் கலக்குங்கள், தனித்தனியாகக் கலந்தால் காய்ந்ததும் காட்டிக்கொடுத்துவிடும்.

ஏற்காட்டு மிளகு:
2014இல் கனடாவில், வான்கூவரின் கிரான்வில் தீவில் ஓஸ் ஜெமியோஸ் ஆறு சைலோக்களில் (உயரமான உருளை வடிவச் சேமிப்புத் தொட்டிகள்) வரைந்தார்களே, ஒவ்வொன்றும் சுமார் 70 அடி. சுற்றி வந்தால்தான் முழு உருவமும் தெரியும். உருளையை எங்கே பாதியாகப் பிரிப்பது?

அம்மாபேட்டை தறி:
அண்ணே, கொம்பு விஷயம் புரிந்துவிட்டது, நன்றி. அடுத்த வாரம் கன்னங்குறிச்சியில் ஒரு தண்ணீர்த் தொட்டி வந்திருக்கிறது, அதுவும் உருளைதான். அவன் வளைவு, நான் நேர்கோடு, டப்பா ஒன்று. முடிந்ததும் படம் போடுகிறேன்.