பெசன்ட் நகர் மணலில் ஓடினால் இடது கெண்டைக்கால் மட்டும் பிடிக்கிறது

வயது 41. மார்ச்சிலிருந்து வாரம் நாலு நாள் ஓட்டம். ஷ்மிட் நினைவு மண்டபத்திலிருந்து தெற்கே வேளாங்கண்ணி கோயில் பக்கம் வரை ஈர மணலில் போய், நடைபாதை வழியாகத் திரும்புவேன். இப்படிப் பல சுற்று.

மே மாதத்திலிருந்து 5 கிலோமீட்டர் தாண்டினாலே இடது கெண்டைக்கால் கல்லாக இறுகிவிடுகிறது. வலது காலுக்கு ஒன்றுமே இல்லை. காலை 5 மணிக்கே கிளம்பிப் பார்த்தேன். அப்போதும் புழுக்கத்தில் பனியனைப் பிழியலாம். உப்பு சர்க்கரைக் கரைசல், இளநீர், வாழைப்பழம் எல்லாம் ஆச்சு. ஷூவும் மாற்றினேன், கடைக்காரருக்குத்தான் லாபம். ரத்தப் பரிசோதனையில் சோடியம், பொட்டாசியம் சரியாக இருக்கிறது.

தார் ரோட்டில் மட்டும் ஓடினால் 8 கிலோமீட்டர் வரை வலியில்லை. தெற்கே போகும்போது கடல் இடப்பக்கம், மணலும் அந்தப் பக்கமே சரிகிறது.

கடற்கரையில் ஓடிப் பழகியவர்களே, இது அந்தச் சரிவால் வருகிற பிடிப்புதானா?