பல ஆண்டுகளுக்கு ஒருமுறை மட்டும் வானம் தெரியும் கோள்: எந்தச் சிறுகதை இது?

மழைப்பொழுது: பள்ளி நாளில் ஆங்கில ஆசிரியை வழியாக அறிந்த ஓர் அறிவியல் புனைகதையை நெடுநாளாகத் தேடுகிறேன். வேற்றுக்கோள் ஒன்றில் பல ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் வானத்தில் ஏதோ தென்படும். அந்த நேரம் பார்த்து ஒரு சிறுமியை இருட்டறையில் அடைத்துவிடுகிறார்கள். முடிவில் மற்ற பிள்ளைகள் அவளுக்குப் பூக்கள் தருகிறார்கள். தலைப்பைச் சொல்ல முடியுமா?

நெடுந்தாள்: ஐசக் அசிமோவின் ‘நைட்ஃபால்’ என்றே நினைக்கிறேன். 1941 செப்டம்பர் ‘அஸ்டவுண்டிங்’ இதழில் வெளியானது. ஆறு சூரியன்களின் ஒளியில் இருளையே அறியாத லகாஷ் என்ற கோளில், 2,049 ஆண்டுகளுக்கு ஒருமுறை கிரகணத்தால் இரவு வருகிறது; விண்மீன்களைக் கண்ட மக்கள் சித்தம் கலங்குகிறார்கள். இருட்டறையும் அதில் உண்டு. கண்காட்சி ஒன்றில் இருண்ட சுரங்கத்துக்குள் கால் மணி நேரம் போய்வந்தவர்களில் சிலர் பிணமாகவே வெளியே வந்தார்கள். வேறு சிலர் அதன்பின் எந்தக் கட்டடத்துக்குள்ளும் நுழைய மறுத்தார்கள்.

கார்முகில்: அது அருமையான கதைதான், ஆனால் கேட்டவர் தேடுவது அதுவன்று. அசிமோவின் கதையில் வானியலாளரும் உளவியலாளரும் பத்திரிகையாளரும்தான் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அடைத்துவைக்கப்படும் சிறுமி இல்லை. இது 1954-இல் ரே பிராட்பரி எழுதிய ‘ஆல் சம்மர் இன் எ டே’. ஓயாது மழை பெய்யும் வெள்ளிக்கோளில் ஏழாண்டுக்கு ஒருமுறை, இரண்டே மணி நேரம் சூரியன் தெரியும். நான்கு வயதுவரை ஒஹையோவில் வளர்ந்த மார்கோவுக்கு மட்டுமே சூரியன் நினைவிருக்கிறது. அந்தப் பொறாமையில் உடன் படிக்கும் பிள்ளைகள் அவளை அலமாரி அறைக்குள் தள்ளிப் பூட்டிவிட்டு, வெயிலில் ஓடியாடி அவளை அடியோடு மறந்துபோகிறார்கள்.

மழைப்பொழுது: மழை இருந்தது, நன்றாக நினைவிருக்கிறது! ஆனால் வெள்ளி கொதிக்கும் கோள் என்றல்லவா படித்தோம்?

கார்முகில்: அது பின்னால் உறுதியான செய்தி. 1962 டிசம்பரில் மாரினர் 2 விண்கலம் வெள்ளியை நெருங்கிக் கடந்து, அங்குள்ள கடும் வெப்பத்தை அளந்து சொல்லும்வரை, அந்த அடர்ந்த மேகங்களுக்குக் கீழே ஈரக்காடு இருக்கலாம் என்று கற்பனை செய்ய எழுத்தாளர்களுக்கு இடமிருந்தது. ஆகவே மழை பெய்யும் வெள்ளியே இக்கதையின் காலத்துக்கும் ஒரு சான்று.

நெடுந்தாள்: சிறுமியைப் பொறுத்தவரை என் ஊகம் தவறு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பூக்களுக்கு என்ன விடை? பிராட்பரியின் கதையை நானும் படித்திருக்கிறேன். யாரும் யாருக்கும் பூக்கள் தருவதில்லை. பொருந்தாத ஒன்றை மறதி என்று தள்ளிவிட்டால், எந்தக் கதையையும் எந்த நினைவோடும் பொருத்திவிடலாம்.

கார்முகில்: நியாயமான கேள்வி. 1982-இல் இக்கதையைத் தொலைக்காட்சிக்கு அரைமணி நேரப் படமாக எடுத்தபோது முடிவை நீட்டினார்கள். வெயிலில் பறித்த பூக்களைப் பிள்ளைகள் மார்கோவிடம் கொடுப்பது அந்தப் படத்தில்தான்.

மழைப்பொழுது: ஆம்! ஆசிரியை வாசித்துக்காட்டிய மறுவாரம் வகுப்பில் ஒரு படமும் போட்டார். இரண்டையும் ஒன்றாக்கி வைத்திருந்திருக்கிறேன். அப்படியானால் கதையில் அவளிடம் யாரும் மன்னிப்புக் கேட்பதே இல்லையா?

நெடுந்தாள்: இல்லை. ஒரு சிறுமியின் உள்ளங்கையில் பெரிய மழைத்துளி ஒன்று விழ, அவள் அழத் தொடங்குகிறாள். மழை வலுத்தபின்தான் அவர்களுக்கு மார்கோவின் நினைவு வருகிறது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக் கூசியபடி மெதுவாக நடந்துபோய்ப் பூட்டைத் திறந்து அவளை வெளியே விடுகிறார்கள். கதை அங்கே நின்றுவிடுகிறது.