1970 எல் கமினோ எஸ்எஸ் 396: 42,000 டாலர் கொடுக்கலாமா?

வேலன்_டெக்சாஸ்:
டல்லாஸ் பக்கம் ஒருவர் 1970 ஷெவர்லே எல் கமினோ விற்கிறார். முன்பாதி கார், பின்பாதி பிக்கப். எஸ்எஸ் 396 (எஸ்எஸ் என்றால் சூப்பர் ஸ்போர்ட், ஷெவர்லேயின் வேக ரகம்; 396 என்பது கன அங்குலத்தில் இன்ஜின் அளவு), முழுமையாக ரீஸ்டோர் செய்தது, சிவப்பு பெயின்டில் கறுப்புக் கோடுகள், 4 ஸ்பீடு மேனுவல் கியர். விலை 42,000 டாலர். பழைய ஆவணங்களைப் பற்றி விளம்பரத்தில் ஒரு வரிகூட இல்லை. படங்களைப் பார்த்ததிலிருந்து வேறு வண்டி மனதில் நிற்கவில்லை. வாங்கலாமா?

பழைய_இரும்பு:
இந்த விலைக்கு வேண்டாம். 1968இல் எஸ்எஸ் தனி மாடலாக இருந்தது, வின் நம்பரின் (வண்டியின் அடையாள எண்) தொடக்கத்தில் 138 என்று இருந்தாலே தெரிந்துவிடும். 1969 முதல் அது வெறும் ஆப்ஷன் பேக்கேஜ். 1970 வண்டியின் வின்னில் எஸ்எஸ் என்று சொல்ல எதுவுமே கிடையாது. சாதாரண வி8 எல் கமினோவுக்கும் இதற்கும் நம்பர் ஒரே மாதிரிதான் தொடங்கும். பேட்ஜ், கிரில், கோடு போட்ட பானட் எல்லாம் இன்று புதிதாகவே கடையில் கிடைக்கின்றன. ஆகவே பில்ட் ஷீட் (எந்த வண்டியில் என்னென்ன பொருத்த வேண்டும் என்ற தொழிற்சாலைத் தாள்) இல்லாத 'எஸ்எஸ்'ஸுக்கு எஸ்எஸ் விலை கொடுக்க மாட்டேன்.

சாலைப்பிரியன்:
காகிதத்தை ஓட்டப் போகிறாரா, வண்டியை ஓட்டப் போகிறாரா? பில்ட் ஷீட் என்பது தொழிற்சாலையில் பெட்ரோல் டேங்க் மேலேயும் சீட் ஸ்பிரிங்கிலும் செருகிவிட்ட தாள். 50 வருட மழையிலும் எலியிலும் தப்பியவை கொஞ்சம்தான். அது இல்லை என்பதற்காக ஒரு வண்டியையே போலி என்று சொல்வது நியாயம் இல்லை. நல்ல தகர வேலை, நல்ல பெயின்ட், சரியாகக் கட்டிய பிக் பிளாக் (பெரிய வகை வி8) இன்ஜின். இவற்றை இன்று தனித்தனியாகச் செய்யக் கொடுத்துப் பாருங்கள், 42,000 தாண்டிவிடும்.

பழைய_இரும்பு:
போலி என்று நான் சொல்லவில்லை. நிரூபிக்காத ஒன்றுக்குக் காசு கேட்கிறார் என்கிறேன். இதே மாதிரி பாதி கார், பாதி பிக்கப்பான ஃபோர்டு ராஞ்செரோ வாங்குபவருக்கு இந்தத் தலைவலி இல்லை. 1967 முதலான ஃபோர்டு வண்டிகளின் தயாரிப்புப் பதிவு மார்ட்டி என்ற நிறுவனத்திடம் இருக்கிறது. நம்பரைக் கொடுத்தால் எந்த இன்ஜினோடு வெளியே வந்தது என்று அறிக்கை தருவார்கள். ஷெவர்லேக்கு கனடாவில் விற்ற வண்டி என்றால் மட்டும் ஷெவர்லேயின் தாய் நிறுவனமான ஜிஎம்மின் கனடா பிரிவு ஆவணம் தரும். டெக்சாஸ் வண்டிக்கு அந்த வழியும் கிடையாது.

மெக்கானிக்_தாஸ்:
இரண்டு பேரும் பேட்ஜிலேயே நிற்கிறீர்கள். நான் தகரத்தைப் பார்க்கச் சொல்வேன். இந்த வண்டி ஷெவர்லேயின் ஷெவல் காருடைய ஸ்டேஷன் வேகன் ரகத்தின் அடித்தளத்தில் கட்டியது. வீல்பேஸ் (முன், பின் சக்கர அச்சுகளின் இடைவெளி) 116 அங்குலம், ஷெவல் கூபேயை விட 4 அங்குலம் அதிகம். வேகனில் பின்சீட்காரர் கால் வைக்கும் பள்ளம் இதிலும் அப்படியே இருக்கிறது. சீட்டுக்குப் பின்னால், பெட் (சுமை ஏற்றும் தொட்டி) தரையில் போல்ட் போட்ட ஒரு தகட்டுக்குக் கீழே. தண்ணீர் இறங்கி நிற்கும் இடம் அதுதான். பெயின்ட் அடிப்பவர் பலரும் அந்தத் தகட்டைக் கழற்றுவதே இல்லை. அதைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். பின் கண்ணாடியின் கீழ் மூலைகள், பின் சக்கரத்துக்குப் பின்னால் உள்ள தகரம், டெயில்கேட்டின் அடி ஓரம், இங்கெல்லாம் காந்தம் வைத்துப் பாருங்கள். ஒட்டவில்லை என்றால் உள்ளே புட்டி, அதாவது தகரத்தின் ஓட்டையை அடைக்கும் பசை.

அப்புறம் லிஃப்டில் ஏற்றி டிஃபரன்ஷியலைப் பாருங்கள். எஸ்எஸ் 396இல் 12 போல்ட் ஆக்ஸில் (வலுவான பின் அச்சு), முன்பக்கம் டிஸ்க் பிரேக். முன்னால் டிரம் இருந்தால் அங்கேயே கிளம்பிவிடலாம்.

சாலைப்பிரியன்:
தாஸ் அண்ணன் சொல்வது முழுக்கச் சரி. ஆனால் 12 போல்ட் ஆக்ஸிலையும் டிஸ்க்கையும் யாரும் பின்னால் மாட்ட முடியும். ஆக, அவை இருந்தால் மட்டும் எஸ்எஸ் என்று ஆகிவிடாது, அதையும் வேலன் மனதில் வைக்கட்டும். நான் கேட்பது வேறு: அந்த ஆக்ஸிலும் பிரேக்கும் உண்மையிலேயே வண்டியில் இருந்தால், ஓட்டுகிறவருக்கு என்ன குறை?

பழைய_இரும்பு:
ஓட்டும்போது குறை இல்லை. விற்கப் போகும் நாளில்தான் குறை. அன்று வருகிறவர் இன்ஜின் பிளாக்கின் வலது முன்பக்கம், சிலிண்டர் ஹெட்டுக்குக் கீழே அடித்திருக்கும் எண் முத்திரையைத்தான் முதலில் குனிந்து பார்ப்பார். அங்கே வின் நம்பரின் பகுதியும் இன்ஜின் வகைக் குறியீடும் இருக்க வேண்டும். பிளாக்கை மெஷினில் சமப்படுத்தியிருந்தால் அது அழிந்திருக்கும். மறுபடி பொய்யாக அடித்தவர்களும் உண்டு. தொழிற்சாலை மெஷின் விட்ட மெல்லிய கோடுகள் அந்த இடத்தில் தெரிகின்றனவா என்று டார்ச் அடித்துப் படம் கேளுங்கள் வேலன். இன்னொன்று. அந்த வருட '396' உண்மையில் 402 கன அங்குலம். பெயரை மட்டும் ஷெவர்லே மாற்றவில்லை. விற்பவருக்கு இது தெரிந்திருக்கிறதா என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டுப் பாருங்கள்.

வேலன்_டெக்சாஸ்:
பேசிவிட்டேன். பில்ட் ஷீட் இல்லையாம். 402 விஷயம் அவரே சொன்னார். பிளாக் படம் அனுப்பியிருக்கிறார்: வின் பகுதி வேறு வண்டியுடையது, மாற்று இன்ஜின் என்று ஒளிக்காமல் ஒப்புக்கொண்டார். தகட்டைத் திறக்கவும் லிஃப்டில் ஏற்றவும் சம்மதம். சனிக்கிழமை போகிறேன்.

பழைய_இரும்பு:
அப்படியென்றால் இது நல்ல எல் கமினோ, அவ்வளவுதான். 33,000க்கு மேல் ஒரு டாலரும் ஏறாதீர்கள்.

சாலைப்பிரியன்:
கேட்காமலே இன்ஜினைப் பற்றி உண்மை சொல்கிற விற்பனையாளர் கிடைப்பது அபூர்வம். தகரம் சுத்தமாக இருந்தால் 37,000 வரை நான் போவேன்.

மெக்கானிக்_தாஸ்:
காந்தத்தோடு ஒரு சின்னக் கண்ணாடியும் எடுத்துக்கொள்ளுங்கள். டேங்குக்கு மேலே கைவிட்டுப் பார்க்க இடம் போதாது. பில்ட் ஷீட் இன்னும் அங்கேயே ஒட்டிக்கொண்டிருக்கலாம், விற்பவர் தேடியே இருக்க மாட்டார்.